மாட்டு இதயம் சொன்ன பொய்

1

நாக்கு பொய் சொல்லும். கண் பொய் சொல்லும். கை எழுத்தில் பொய் சொல்லும். ஆனால் இதயம், மார்புக்கூட்டுக்குள் அடைபட்ட அந்த ஆதி சத்தியவான், யுகயுகமாக உண்மையை மட்டுமே துடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் பொய் சொன்னது இதயம்தான். அதுவும் மாட்டு இதயம்.

மேலே உள்ள முதல் பத்தியை எழுதி முடித்ததும் கதைக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவ்வளவு பிடித்திருந்தது. அடிக்க மனசில்லாமல்தான் விட்டு வைத்திருக்கிறார். நீங்கள் படிக்காததாக நினைத்துக்கொண்டால் போதும்.

கதை பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடலாம்: தங்கையின் இடது கை, முழங்கைக்கு உள்பக்கம், ரத்தம் எடுக்கிற இடம். ரத்தம் அவளுடையது என்பதால் கதைக்கு அனுமதியும் அவளிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கொடுத்தாள், நிபந்தனையோடு.

"நீ 'நான் நான்'னு எழுத ஆரம்பிச்சா கதை முழுக்க நீதான் உட்கார்ந்திருப்பே. எனக்கு வந்த வியாதிக்கு நீ அழுதுக்கிட்டிருப்பே. உன்னை 'அவர்'னு போடு. கொஞ்சம் தள்ளி நில்லு, அண்ணா."

ஆகவே, அவர். தொழில், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதை எழுதுவது. "குமட்டல், தலைச்சுற்றல், அரிதாக மரணம்" என்ற அளவுக்குச் சுருக்கமாக எழுதத் தெரிந்தவர். வாசகர்கள் லட்சக்கணக்கில். படித்தவர் எவரையும் அவர் இதுவரை சந்தித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதை எழுதுவார். அங்கே வாசகர்களும் கிடையாது.

2

(இந்தப் பகுதியில் கதை நகராது. அவசரக்காரர்கள் மூன்றுக்குத் தாவலாம். ஆனால் அந்தக் கொழுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் பிறகு யார் மேல் கோபப்படுவது என்று குழப்பம் வராது.)

அதன் பெயர் கார்டியோலிப்பின். முதன்முதலில் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததால் பெயரிலேயே இதயம் ஒட்டிக்கொண்டது. செல் என்றால் சுற்றிலும் ஒரு சவ்வு, உள்ளே இன்னும் பல சவ்வுகள், எல்லாம் பெரும்பாலும் பாஸ்பரஸ் தலை வைத்த கொழுப்பால் ஆனவை. சாதாரணமாக அந்தக் கொழுப்புக்கு ஒரு தலை, இரண்டு வால். கார்டியோலிப்பினுக்கு மட்டும் வால் நாலு. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் பட்டறையான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில்தான் அது குடியிருக்கிறது. அங்கே இருக்கும் புரத இயந்திரங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. குடும்பத்தில் இப்படி ஒருவர் இருப்பார். படத்தில் தெரியமாட்டார். அவர் இல்லாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு நேரத்துக்கு நடக்காது.

பட்டறை பழுதாகிவிட்டால் கார்டியோலிப்பின் உள்ளேயிருந்து கிளம்பி வெளிச்சவ்வில் வந்து நிற்கும். 'இது கெட்டுப்போச்சு, அப்புறப்படுத்துங்க' என்று செல்லுக்கு அது காட்டும் சைகை. தன் வீட்டுப் பழியைத் தானே வாசலுக்கு வந்து சுமக்கும் அந்தத் தியாக மூலக்கூறைப் போலவே நம் கதாநாயகனும்—

(தங்கை அடித்துவிட்டாள். ஓரத்தில் குறிப்பு: "கொழுப்பு கொழுப்பாவே இருக்கட்டும்.")

இதன் வால்களை ஒழுங்காகச் செய்து முடிக்க முடியாத ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அரிது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். இதயத் தசை தளர்ந்து போகும். அப்படி ஒரு பையனைக் கதாநாயகனாக்கலாமா என்று கதைக்காரர் ஒரு வாரம் யோசித்தார். கண்ணீருக்கு உத்தரவாதம். பரிசு கிடைக்கவும் வாய்ப்புண்டு. தங்கையிடம் சொன்னார்.

"அந்தப் பையனோட அம்மா இதைப் படிச்சா?" என்றாள்.

பையனை விட்டுவிட்டார்.

கடைசியாக, நமக்கு வேண்டிய விஷயம். சிபிலிஸ் என்ற நோய், உடலுறவால் தொற்றுவது, உடம்புக்குள் வந்தால் உடம்பு இந்தக் கொழுப்புக்கு எதிராகச் சண்டைக்காரர்களைத் தயார் செய்யும். அதனால் சோதனைச் சாலையில் மாட்டு இதயத்துக் கார்டியோலிப்பினை ரத்தத்தில் விட்டுப் பார்ப்பார்கள். திரிதிரியாகச் சேர்ந்தால், சண்டைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நோய் இருக்கலாம். 'இருக்கலாம்'தான். ஏனென்றால் வேறு காரணத்துக்காகவும் சில உடம்புகள் அந்தச் சண்டைக்காரர்களை வளர்த்து வைத்திருக்கும். மாட்டு இதயத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 'ஆமாம்', 'இல்லை'.

3

தங்கை கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி வாழ்கிறவள். அவள் கணவன், கதைக்காரரின் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதிப் பேரை மேலே அனுப்பிக் கீழே கொண்டுவருகிறவர். இருவருக்கும் கல்யாணமான பிறகு இரண்டு முறை கர்ப்பம் தரித்து, இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு அறையின் கதவு சாத்தியே இருந்தது. மாப்பிள்ளை அந்தக் கதவின் கீலுக்கு மட்டும் மாதாமாதம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

இது மூன்றாவது. முதல் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. முந்தைய இரண்டு முறையும் 'இல்லை' என்று வந்த சிபிலிஸ் சோதனை, இந்த முறை 'ஆமாம்' என்றது.

டாக்டரம்மா நிதானமாக ஏதேதோ விளக்கினார். தங்கைக்குக் காது அடைத்துவிட்டது. மாப்பிள்ளை நோயின் பெயரைக் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு வந்த வாக்கியங்கள் எல்லாம் அவருக்கு லிஃப்ட் கிணற்றில் விழுந்த ஸ்குரூ மாதிரி. சத்தம் வந்தது, கைக்கு எதுவும் வரவில்லை. "நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படி வழியாக வெளியே வந்துவிட்டார். லிஃப்ட் இருந்தும்.

மறுநாள் மதியம், கதைக்காரரின் அலுவலக கேன்டீனில், எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை. பணமா?"

"இல்ல. எனக்கு ஒரு கள்ளத்தொடர்பு வேணும்."

பக்கத்து மேசையில் கணக்குப் பிரிவுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் கதைக்காரர். "என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, பழுதான பலகையைத் திறந்து வயரைக் காட்டுகிற மாதிரி, விரல் விட்டு எண்ணினார்.

"அவ தப்பு பண்ணல. இது ஒண்ணு. நானும் பண்ணல. இது ரெண்டு. ஆனா ரத்தத்துல இருக்குன்னு சொல்றாங்க. யாராவது ஒருத்தர் பண்ணியிருந்தாத்தானே மச்சான் கணக்கு நேராகும்? நான் பண்ணினதா வச்சுக்கலாம்."

"நீங்க ரத்தம் குடுத்தா தெரிஞ்சிடுமே, மாப்பிள்ளை."

"அதான் குடுக்கல. எனக்கு இல்லைன்னு வந்துட்டா, எல்லாரும் அவளைத்தானே பார்ப்பாங்க? மாசமா இருக்கா. ஏற்கனவே ரெண்டு தடவை... அவ என்னைத் திட்டிட்டுப் போகட்டும். தன்னைத் தானே திட்டிக்கக் கூடாது."

இந்த இடத்தில் ஒரு நல்ல அண்ணன் என்ன செய்திருப்பான்? எழுந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, நேரே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பான். கதைக்காரரும் எழத்தான் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளை சொன்னார்:

"எனக்குப் பொய் வராது, மச்சான். நாலு வார்த்தை சொன்னா மாட்டிக்குவேன். நீங்கதான் கதை எழுதுறவராச்சே. நம்புற மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்களேன்."

கதைக்காரர் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக எழுதுகிறார். ஒருவர் கதை வேண்டும் என்று கேட்டு வருவது இதுதான் முதல் தடவை.

4

தொடக்கங்கள்.

அ) கொட்டும் மழையில், குடையற்ற ஒரு பெண்ணின்—
(மாப்பிள்ளை: "வெயில் மண்டையப் பிளக்குது, மச்சான். மழை பெய்ஞ்சு மூணு மாசமாச்சு.")

ஆ) ஜன்னலோரம் நின்ற அவளுடைய நீண்ட விரல்கள், எதையோ தொலைத்தவை போல—
("யாரு ஜன்னல்ல நிப்பா? நான் மோட்டார் ரூம்லதானே இருப்பேன்.")

இ) ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே மின்தூக்கி நின்றபோது, உள்ளே சிக்கிய இரண்டு தனிமைகள் ஒன்றையொன்று—

"இதுதான்!" என்றார் கதைக்காரர்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை தயக்கத்தோடு, "எவ்வளவு நேரம் மாட்டிக்கிட்டோம்?"

"ஒரு மணி நேரம்."

"நான் உள்ள இருந்தா ரெண்டு நிமிஷத்துல கதவைத் திறந்திடுவேனே."

"இலக்கியத்துல கதவு உடனே திறக்காது, மாப்பிள்ளை."

"சாவி எங்கிட்ட இருக்குமே."

"மறந்து வந்துட்டீங்க."

மாப்பிள்ளையின் முகம் வாடியது. இல்லாத பெண்ணோடு கெட்டுப்போகத் துணிந்தவர், சாவியை மறந்த மெக்கானிக் என்று பெயரெடுக்கச் சங்கடப்பட்டார். கடைசியில், சாவியை உதவியாள் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சமாதானம் ஆனது.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கதைக்காரருக்கே சந்தேகம் இருந்தது. எட்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள், சரி. எதற்காக லிஃப்ட் மெக்கானிக்கை நேசிக்கிறாள்? அவளுக்கு என்று ஏதாவது வேண்டாமா? ஒரு வேலை, ஒரு பல்வலி? அவளுக்கு நீண்ட விரல்கள், மெல்லிய சோகம், தோளில் சரியும் கூந்தல் ஆகியவற்றைக் கொடுத்தார். மூன்று பக்கம் வந்தது. மாப்பிள்ளை அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே போனார்.*

* தங்கை ஏமாற வேண்டும் என்றுதான் கதைக்காரர் அந்த நிமிடத்தில் விரும்பினார். அவள் நிம்மதிக்காக. கொஞ்சம் தன் கலைக்காகவும். எது எத்தனை பங்கு என்று கேட்காதீர்கள்.

5

(இந்தப் பகுதி தங்கை சொல்ல, கதைக்காரர் எழுதியது. அவர் சேர்த்த உவமைகளை அவள் பிடுங்கிவிட்டாள்.)

பள்ளிக் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஓட்டினார். பழக்கதோஷத்தில் இவள் கால் இரண்டாவது பிரேக் மேல் இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"கண்ணாடியப் பாத்துட்டுச் சொல்லுங்க. பின்னாடி லாரி."

"எனக்கு... ஒரு பொண்ணோட பழக்கம் ஆயிடுச்சு."

பிரேக் விழுந்தது. லாரிக்காரர் ஜன்னல் வழியாக இருவரின் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார். காரை ஓரம் கட்டினார்கள்.

அவள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நம்பினாள். அந்த நிமிடத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"எங்கே பழக்கம்?"

"லிஃப்ட்ல. ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டோம்."

"யாரு மாட்டிக்கிட்டது?"

"நானும் அவளும்."

"லிஃப்ட் ரிப்பேர் பண்ற நீங்க, லிஃப்டுக்குள்ள, ஒரு மணி நேரம்."

"சாவியை உதவியாள் எடுத்துட்டுப் போயிட்டான்," என்றார், சுவரைப் பார்த்து ஒப்பிக்கிறவர் மாதிரி.

"சரி. ஆளு எப்படி இருப்பா?"

இந்தக் கேள்விக்கு மூன்று பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் பதில் இருந்தது. அவருக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். யோசித்து யோசித்துச் சொன்னார்:

"உயரம் இல்ல. இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம். சிரிக்கும்போது கையால வாயை மூடிக்குவா, ஒரு பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும்ல, அதுக்கு. கோவம் வந்தா மூக்கு நுனி மட்டும் சிவக்கும். தூங்கும்போது ஒரு காலை போர்வைக்கு வெளியே நீட்டிக்குவா."

தங்கை கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதெல்லாம் ஒரு மணி நேரத்துலயா பாத்தீங்க?"

"ம்."

"தூங்கினதையுமா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குப் பெண் என்றால் தெரிந்த விவரம் அவ்வளவுதான். வேறு இருப்பு இல்லை.

6

மறுநாள் அலுவலகத்துக்கு முன்னால் பள்ளிக் கார் வந்து நின்றது. "ஏறு," என்றாள் தங்கை. கதைக்காரர் ஏறினார். அவர் அந்தக் காரில் ஓட்டப் பழகி மூன்று முறை தோற்றவர். ஆகவே பின்சீட்.

"'உள்ளே சிக்கிய இரண்டு தனிமைகள்.' இந்த வரியை அவரா யோசிச்சிருப்பாரு?"

"அதைச் சொன்னாரா?" கதைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எப்படிச் சொன்னாரு?"

"சொல்லல. சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பையில இருந்துச்சு. படிச்சுட்டு அவர்கிட்டயே குடுத்துட்டேன். நீ எதுக்குண்ணா இந்த வேலைக்கு எல்லாம் போறே?"

"அவர்தான் கேட்டாரு. உனக்காகத்தான்."

"தெரியும்." கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. கேலி போய்விட்டிருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. நான் ஏதாவது தப்பு பண்ணியிருப்பேன்னு அவர் நினைச்சாரா? அதை மூடத்தான் இப்படி வந்து நின்னாரா?"

கதைக்காரரிடம் இதற்கு அழகான வாக்கியங்கள் நாலைந்து தயாராக இருந்தன. நல்லவேளை, ஒன்றும் வாயில் வரவில்லை.

"'அவ தப்பு பண்ணல, இது ஒண்ணு'ன்னுதான் ஆரம்பிச்சாரு," என்றார். "விரல் விட்டு எண்ணினாரு. முதல் விரல் அதுதான்."

கொஞ்ச நேரம் கார் ஓடியது. சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நானும் பண்ணல, அவரும் பண்ணல," என்றாள். "அப்போ என் ரத்தத்துல என்னதாண்ணா இருக்கு? போன ரெண்டையும் கொண்டுபோனது அதுதானா? இதையும் கொண்டுபோயிடுமா?"

கதைக்காரர் மருந்துத் தாள் எழுதுகிறவர். 'அரிதாக' என்ற சொல்லை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்தச் சொல் உதவவில்லை. முன்சீட்டின் மேல் வழியாகக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கார் ஓட்டுகிறவரைத் தொடக்கூடாது என்பது பள்ளியின் முதல் விதி. அவள் அதை நினைவுபடுத்தவில்லை.

7

மூவருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். அறை சின்னது, நாற்காலி இரண்டு. கதைக்காரர் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். முள் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

தங்கை நேராகச் சொன்னாள். "எங்க ரெண்டு பேர்ல யாரும் வெளிய போகல, டாக்டர். உங்க சோதனை தப்பு."

"தப்புதான்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவது சோதனை முடிவு காலைலதான் வந்துச்சு. உங்களுக்கு சிபிலிஸ் இல்லை."

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆனா முதல் சோதனை சும்மாவும் கத்தல. ரெண்டு தடவை உங்களுக்குக் கலைஞ்சிருக்கு, அதனால இன்னொரு சோதனையும் சேர்த்துப் பண்ணச் சொன்னேன்." டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். தங்கையின் உடம்பு தன் சொந்தச் சவ்வுக் கொழுப்பையே எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கார்டியோலிப்பினுக்கு எதிரான சண்டைக்காரர்கள் ரத்தத்தில் ஏராளம். அவர்களால் ரத்தம் வேண்டாத இடத்தில் உறையும். நஞ்சுக்கொடிக்குப் போகும் பாதை கெடும். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும். ஆனால் அதுவரை கை கட்டி உட்காரத் தேவையில்லை. தினமும் குறைந்த அளவில் ஆஸ்பிரின். தினமும் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க.

"அப்போ அந்த ரெண்டும்..." என்றாள் தங்கை.

"அநேகமா இதனாலதான். நீங்க பண்ணினதாலயும் இல்லை, பண்ணாததாலயும் இல்லை."

தங்கை அழுதாள். சத்தமில்லாமல், நிறைய. மாப்பிள்ளை சட்டைப் பையில் கைக்குட்டை தேடினார். கையில் மூன்று பக்கம் வந்தது. அதையே கொடுத்தார். துடைத்துக்கொண்டாள்.

கதைக்காரருக்கு அந்தத் தருணத்தில் ஒன்று புரிந்தது. அவர் கதை மோசமாக இருந்ததால்தானே தங்கை பொய்யைக் கண்டுபிடித்தாள்? கண்டுபிடித்ததால்தானே சோதனையைச் சந்தேகித்து இங்கே வந்தாள்? ஆக, சுற்றி வளைத்துப் பார்த்தால், இந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்றப் போவது இலக்கியம். எடை இயந்திரத்தின் மேல் நின்றபடியே இதை அடக்கத்தோடு டாக்டரம்மாவிடம் விளக்கினார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டாவது சோதனைக்கு ரத்தம் அன்னிக்கே அனுப்பியாச்சே," என்றார். "'இது முதல் கட்டம்தான், தப்பாவும் வரலாம், பயப்படாதீங்க'ன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க யாரும் கேக்கலையா?"

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

8

இப்போது ஏழாம் மாதம். பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்த சோதனையும் அதையேதான் சொன்னது. தங்கை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. இருக்கையை மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டாள். மாலையில் ஊசி. பெரிய பெரிய மோட்டார்களை அவிழ்த்துக் கோக்கிற மாப்பிள்ளையின் கை, அந்தச் சின்ன ஊசியைப் பிடித்தால் நடுங்குகிறது. அவளே போட்டுக்கொள்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். வயிற்றில் நீலமாகக் கன்றிய இடங்களைப் பார்த்து, "இது ஏழாவது மாடி, இது எட்டாவது," என்று ஏதோ சொல்லுவார். அவள் சிரிப்பாள். அந்த அறைக் கதவு இப்போது திறந்திருக்கிறது. எண்ணெய் விட்டதால் சத்தமே வரவில்லை.

கதைக்காரர் முடிவுகளை எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு அ: விடியலின் முதல் கதிர் ஜன்னலில் விழ, ஒரு பிஞ்சுக் குரல்—

"மறுபடியும் ஜன்னல்," என்றாள் தங்கை.

முடிவு ஆ: (வெற்றுத் தாள்.)

அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்ன எழுதியிருந்தே?"

"எழுதல."

"எழுதினே."

"அதைக் கிழிச்சிட்டு இதை வச்சேன்."

"நல்லது," என்றாள். அதை நாலாக மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள்.

முடிவு இ: அவள் ஊசியைத் துடைத்து வைத்தாள். வாழ்க்கை என்பதும் ஒரு சவ்வுதானே என்று—

"அண்ணா, போதும்."

"எல்லாத்தையும் அடிச்சுட்டா கதை எப்படிம்மா முடியும்?"

"முடிய வேணாம். முடிவு என் கையிலயும் இல்ல, டாக்டர் கையிலயும் இல்ல. உன் கையில மட்டும் எதுக்கு? நான் இன்னும் ரெண்டு மாசம் தினமும் ஊசி போட்டுக்கணும். அதுக்குள்ள நீ பொறக்க வச்சுட்டா எனக்குப் பயமா இருக்கும். பொறக்காம வச்சா..." நிறுத்தினாள். "படிக்கிறவங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. அவங்ககிட்டயே குடுத்துடு. ஆளுக்கு ஒண்ணு நினைச்சுக்கட்டும். ஆனா நல்லதா நினைக்கச் சொல்லு."

மாப்பிள்ளை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், கதையில அந்தச் சாவி விஷயம் மட்டும் கொஞ்சம் மாத்திடுங்க. எங்க ஆளுங்க யாராவது படிச்சுடப் போறாங்க."

மாற்றவில்லை. மற்றதெல்லாம் தங்கை சொன்னபடியே. நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள்.*

* அந்த மூன்று பக்கத்தின் நகல் ஒன்றைக் கதைக்காரர் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். 'நம்பும்படியாக இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது.